பக்கத்து மேசை நண்டு

மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற நாட்களில் பவுனம்மாள் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பெண் வீட்டில் காப்பி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கை நனைத்ததாகிவிடும். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு பெண்ணிடம் குறை கண்டுபிடிக்க முடியாது. அந்த உரிமையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை பவுனம்மாள்.

காஜாங் பெண்ணுக்கு நெற்றி அகலம். பந்திங் பெண் வாசலிலேயே சிரித்துவிட்டது. செந்தூல் பெண் கடைசிவரை சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் "போயித் தகவல் அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்புவார்கள். தகவல் போகாது.

மாப்பிள்ளையான தம்புசாமி காரை ஓட்டுவதோடு சரி. அவன் துறைமுகத்தில் சரக்கு சரிபார்த்துக் கணக்கு எழுதும் கிராணி. மூட்டை ஒன்று குறைந்தால் கப்பல் கேப்டனிடமே குரல் உயர்த்துவான். அம்மா எதிரில் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று அவனுக்கே தெரியாது. உண்மையில் அந்தக் காஜாங் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே இருந்ததில் அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. பாசாரில் மீன் வாங்கப் போன இடத்தில் அவளைக் கைக்குழந்தையோடு பார்த்த அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வாய்வுத் தொல்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். மறுபேச்சுப் பேசாமல் அதையும் குடித்தான்.

இப்போது வயது முப்பத்து நான்கு. முன்பக்கம் முடி கொஞ்சம் பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

இந்த முறை வரன் வந்தது பிரிக்பீல்ட்ஸிலிருந்து. பெண்ணின் அப்பா கன்னையா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் இந்திராணி, பெட்டாலிங் ஜெயாவில் டெலிபோன் ஆப்பரேட்டர். கன்னையா போனில் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

"வீட்டுல சமைக்கிறது எம் பொண்ணுதாங்க. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அந்தப் பொண்ணே வேர்க்க விறுவிறுக்க ஆக்கிப் போட்டா நல்லாவா இருக்கும்? மோரிப் கடற்கரையில ஒரு சீனர் கடை இருக்கு. அங்க வந்துருங்க."

கடை யாருடைய வீடும் இல்லையே, கை நனைக்கிற பேச்சுக்கே இடமில்லை என்று பவுனம்மாள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். தம்புசாமிக்கு வேறொரு சந்தோஷம். தரகர் கொடுத்த போட்டோவில் இந்திராணி கேமராவை நேராகப் பார்த்து, 'என்ன வேணும்?' என்று கேட்பதுபோல் நின்றிருந்தாள். அந்த போட்டோவை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த வீட்டுக்கும் 'தகவல் அனுப்புறோம்' என்று அம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கவலை.

ஞாயிற்றுக்கிழமை டட்சன் காரில் மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் பவுனம்மாளின் தம்பி ரெங்கசாமி. சாங்கியம் தெரிந்தவர் என்று கிள்ளானில் அவருக்குப் பெயர். தெரியாத சாங்கியத்தையும் தெரிந்தவர் மாதிரியே சொல்வார். தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் பேசாமல் வந்தவர், அங்கே சிக்னலில் வண்டி நின்றதும் ஆரம்பித்தார்.

"யக்கா, கடை யாரு வீடும் இல்லதான். ஆனா பில்லு யாரு கட்டுறது?"

"கூப்புட்டது அவங்கதானே."

"அப்ப அது அவங்க சோறு. எங்க வச்சுப் போட்டா என்ன? கை நனைச்சது நனைச்சதுதான்."

பவுனம்மாள் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாம கட்டிருவோம்."

"நாம கட்டுனா அவங்க நம்ம சோத்துல கை நனைக்கிறாங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லுவ?"

இது பெரிய சிக்கலாகிவிட்டது. பந்திங் போய்ச் சேர்வதற்குள் ரெங்கசாமியே தீர்ப்பும் சொன்னார். தனி மேசை. அவரவர் சாப்பாடு அவரவருக்கு. இதைவிடக் கூத்து உண்டா என்று கேட்க தம்புசாமி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு கியரை மாற்றினான்.

கடை சேற்றுக் கரையோரம் மரக்கால்களின்மேல் நின்றது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். கடல் நன்றாக உள்வாங்கிப்போய்த் தூரத்தில் கோடாகத் தெரிந்தது. கன்னையா ஐந்து பேருக்கு ஒரு வட்ட மேசையைப் பிடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். ரெங்கசாமி அவரைத் தள்ளிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னார். கன்னையாவின் முகம் ஒரு கணம் சுருங்கி, உடனே சரியானது.

"சாங்கியம்னா சரிங்க. நாங்க பக்கத்து மேசையில உக்காந்துக்கிறோம்."

கடை முதலாளியான சீனத் தவுக்கே இதையெல்லாம் கவனித்தார். தோட்டத்துத் தமிழர்கள் வந்து போகிற கடை என்பதால் அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். கன்னையாவின் காதோரம் குனிந்தார்.

"என்னா அங்கிள், சண்டையா?"

"இல்ல தவுக்கே, சம்பந்தம்."

தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டு போனார். புரிந்ததா என்பது தெரியவில்லை.

இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. இந்திராணி பச்சைப் புடவையில் வந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, தம்புசாமிக்கு நேர் எதிராக விழுகிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தற்செயலாகத்தான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காது மட்டும் சூடாகிவிட்டது.

பவுனம்மாள் அங்கிருந்தபடியே விசாரணையைத் தொடங்கினார். கடல்காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகவே குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. இந்திராணிக்கு இருபத்தேழு வயது, பூரம் நட்சத்திரம், பல்லில் ஒன்று அடைத்திருக்கிறது என்பதெல்லாம் கடை முழுவதற்கும் தெரிந்தது.

"நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கிற வேலையாமே?"

"ஆமா ஆன்டி. அதனால வீட்டுக்கு வந்தா வாய்க்கு லீவு குடுத்துருவேன்."

தம்புசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிப் பார்த்தான். இருமல் அவ்வளவு நன்றாக வரவில்லை. பவுனம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணின் முதல் குறை பதிவாகிவிட்டது என்று தெரிந்தது. 

தவுக்கே வந்தார். தம்புசாமி தங்கள் மேசைக்கு ஆவியில் வேகவைத்த மீனும் இறாலும் சொன்னான். நண்டு வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டான். பவுனம்மாளுக்கு நண்டென்றால் உயிர். ஆனால் இன்று அவர் மாப்பிள்ளையின் அம்மா.

"வேணாம்ப்பா. பொண்ணு வீட்டுக்காரங்க எதுக்க உக்காந்துக்கிட்டு நண்டக் கடிச்சு உறிஞ்சுனா நம்ம மருவாத என்னாவுறது?" என்று மெல்லச் சொன்னார். சொல்லும்போது கண் என்னவோ நண்டுக் கூடைமேல்தான் இருந்தது.

பக்கத்து மேசையில் மரியாதையைப் பற்றிய கவலை இல்லை. இந்திராணி கூடைப்பக்கம் எழுந்துபோய், விரலால் சுட்டி, "இதும் அதும். முட்டை ஊத்தி, மிளகாய் போட்டு" என்று சொல்லிவிட்டு வந்தாள். கூடவே மிளகாய் அரைத்துப் பிரட்டிய சம்பல் கணவாயும் சோறும்.

முதலில் அங்கே கணவாய் வந்தது. இங்கே மீன் வந்தது. அப்புறம் தவுக்கேயின் மனைவி, ஆவி பறக்கும் பெரிய தட்டு நிறைய நண்டைக் கொண்டுவந்து, பவுனம்மாளுக்கு எதிரில் வைத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாளுக்கு இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். அதில் தப்பும் இல்லை.

பவுனம்மாள் தட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"வேணாம்னு சொன்னேன்ல. எனக்குத் தெரியாமச் சொல்லிட்டியா?" என்று அதட்டினார். அந்த அதட்டலில் பாதிக்குமேல் கொஞ்சல். பிறகு தம்பியிடம், "பாத்தியா ரெங்கா, நான் வாயால சொல்லல, அவனுக்கு எம் மனசு தெரியுது" என்றார்.

தம்புசாமி நண்டைப் பார்த்தான். சிவந்த குழம்பு, முட்டைத் திரள். அது யாருடைய நண்டு என்று கடையிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். நிமிர்ந்து பக்கத்து மேசையைப் பார்த்தான். இந்திராணி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், தட்டு இடம் மாறிவிடும். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தண்ணீர் கிளாஸை எடுத்து, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தாள். கண்ணில் மட்டும் குறும்பு கொப்பளித்தது.

அம்மா கை நனைக்கட்டும் என்றுதான் சும்மா இருக்கிறாள், அவளுக்குச் சம்மதம். தம்புசாமிக்குச் சந்தேகமே இல்லை. நெஞ்சு குதித்தது.

அவனும் வாயை மூடிக்கொண்டான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

பவுனம்மாள் மரியாதையை முந்தானையோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு நண்டில் இறங்கினார். ஓட்டை உடைத்தார், சதையை உருவினார், குழம்பை உறிஞ்சினார், விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தார். ரெங்கசாமியும் ஒரு கால் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கன்னையாவுக்குப் பசி பொறுக்கவில்லை.

"தவுக்கே, எங்க நண்டு என்னாச்சு?"

"அப்பவே குடுத்தாச்சு லா அங்கிள்," என்றார் தவுக்கே, கல்லாவிலிருந்தே. "அதோ, அந்த ஆன்டி சாப்புடுது."

பவுனம்மாளின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. ரெங்கசாமி, கையில் இருந்த நண்டுக்காலைச் சுட்டுவிட்டதுபோல் தட்டில் போட்டார். கன்னையா பாவம், என்ன கேட்டுவிட்டோம் என்று தெரிந்து, "இருக்கட்டும், இருக்கட்டும், நீங்க சாப்புடுங்க" என்று எழுந்து நின்றே கும்பிட்டார்.

"என்ன ரெங்கா இது," என்றார் பவுனம்மாள். குரல் உள்ளே போய்விட்டது. "கை நனைச்சிட்டேனா?"

சாங்கியத்துக்குச் சோதனை வந்தால் ரெங்கசாமிக்குத் தெம்பு வந்துவிடும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இல்லக்கா. தெரியாமச் சாப்புட்டது சேத்தியில்ல. தெரிஞ்சு சாப்புட்டாத்தான் கை நனைச்ச மாதிரி. இந்தத் தட்ட நம்ம பில்லுல எழுதச் சொல்லிட்டா நம்ம நண்டு ஆயிரும். அவங்களுக்கு வேற சொல்லிரலாம். மத்ததுக்கு நாம வீட்டுக்குப் போயி..."

"தகவல் அனுப்புறோம்," என்று பவுனம்மாள் நிம்மதியாக முடித்தார்.

தம்புசாமி இந்திராணியைப் பார்த்தான். குறும்பு போய்விட்டிருந்தது. அவள் சேலை முந்தியை மடியில் ஒழுங்கு பண்ணிக்கொண்டு, அப்பாவிடம் ஏதோ சாதாரணமாகச் சொல்ல முயன்றாள். கன்னையா கேட்கவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார். பாசாரில் கைக்குழந்தையோடு பார்த்த முகம் தம்புசாமிக்கு நினைவு வந்தது. இன்னொரு முறை அவனால் அந்த ஓமத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

நாற்காலியை அவன் தள்ளின வேகத்தில் அது பலகைத் தரையில் கிறீச்சிட்டது. தன் தட்டை எடுத்துக்கொண்டு அந்த ஒரு கை நீளத்தைக் கடந்தான். இந்திராணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவர்கள் சோற்றிலிருந்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டான், சம்பல் கணவாயை அள்ளிவைத்தான், பிசைந்து ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டான். காரம் உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கிவிட்டு ரெங்கசாமி பக்கம் திரும்பினான்.

"நான் தெரிஞ்சுதான் சாப்புடுறேன், மாமா," என்றான்.

துறைமுகத்துக் குரல். அம்மாவுக்கு எதிரில் அது வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. அவனே கொஞ்சம் திகைத்துப்போனான். ரெங்கசாமி வாயைத் திறந்தார். இதற்கு அவரிடம் சாங்கியம் எதுவும் இருப்பில் இல்லை. கன்னையா மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்திராணி தன் தண்ணீர் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

எல்லாரும் பவுனம்மாளைப் பார்த்தார்கள். திட்டுவார் என்றுதான் தம்புசாமி எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. குழம்பு ஒட்டிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அவனைப் பார்த்தார்.

"அப்ப இந்த நண்டு நீ எனக்காகச் சொன்னது இல்லியாடா?"

துறைமுகத்துக் குரல் சட்டென்று ஓடிப்போய்விட்டது.  இன்னொரு கவளத்தை வாயில் அடைத்துக்கொண்டு விழித்தான்.

இந்திராணிதான் எழுந்தாள். இவர்கள் மேசைக்கு வந்து, நண்டுத் தட்டை பவுனம்மாளுக்கு வாகாக நகர்த்தி, சதை நிறைந்த பெரிய கொடுக்கு ஒன்றைப் பொறுக்கி அவர் தட்டில் வைத்தாள்.

"நண்டு சொன்னது நான்தான், அத்தை," என்றாள். "புடிச்சிருக்கா?"

பவுனம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ பெண்கள் தேறாமல் போயிருக்கிறார்கள். தம்புசாமி மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று சொல்லிவிட்டு, பவுனம்மாள் கொடுக்கை உடைத்தார்.