ஞானேஸ்வரி மிஸியின் நைன்ரி

1998 ஐப்பசி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, ஞானேஸ்வரி தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அளம்பிலுக்கு வந்து சேர்ந்தார். குமுளமுனையிலிருந்து ஓட்டிக்கொண்டுதான் புறப்பட்டவர். கடைசி ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும்போது இடது காலில் சூடாக ஏதோ சொட்டியது. குனிந்து பார்த்தார். செருப்பு முழுவதும் கறுப்பு ஒயில். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். ஒயில் இல்லாமல் ஓடினால் எஞ்சின் இறுகிவிடும். இறுகினால் மாற்றுவதற்கு வன்னிக்குள் சாமான் கிடையாது. வவுனியாவில் கிடைக்கும். ஆனால் யுத்தத் தடையால் வவுனியாவிலிருந்து ஓமந்தை தாண்டி ஒரு நட்டும் வராத காலம் அது.

ஞானேஸ்வரி அந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவிச்சி, ஊரார் வாயில் மிஸி. ஆறு ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். அவரது குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்ய வந்தது. கரையோர மக்களோடு பழக்கம் இந்த வேலையால்தான் வந்தது. மோட்டார் சைக்கிள் தொண்ணூறு சீசீ என்பதால் எல்லோரும் அதை நைன்ரி என்றார்கள். பெற்றோல் கிடைக்காததால் அது மண்ணெண்ணெயில் ஓடியது. குழந்தைகளுக்கு மருந்து விடும் சொட்டுப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் எழும்பும். எழும்பியதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். பின்னால் போகும் வெள்ளைப் புகையைக் கண்டே மிஸி வருகிறார் என்று ஊர் அறிந்துகொள்ளும்.

யோசெப்பின் பட்டறை கடலைப் பார்த்தபடி, நாலு பூவரசங் கால்களில் ஓலை போட்டு நின்றது. இருபது வருடமாக மீன்பிடிப் படகுகளின், ஊர்ப்பேச்சில் போட்டுகளின், எஞ்சின் திருத்துகிறவர். கரையில் நின்றபடியே தூரத்தில் வருகிற போட்டு யாருடையது, அதன் எந்த பிளக் அடிக்கவில்லை என்று சொல்வார். அவர் சொன்னது பிழைத்ததை அளம்பிலில் யாரும் கண்டதில்லை.

"திரும்பவும் ஒழுகுதோ மிஸி?"

"ஒழுகேல்லை அண்ணை, ஊத்துது. செருப்பைப் பாருங்கோ. வழுக்கி வழுக்கி வாறன்."

யோசெப் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. இது ஐந்தாவது தடவை. அதோடு, மிஸி அன்று போகவேண்டியிருந்தது நாயாற்றுக்கு, அவருடைய மகள் ஆன்சலாவிடம்.

ஆன்சலாவும் கணவன் வின்சனும் நாயாற்றங்கரையில் மீன்பிடி வாடிக் குடிசையில் இருந்தார்கள். முந்திய வருடம் ஆன்சலாவின் தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போனது. இப்போதும் எட்டாம் மாதம். போன வியாழக்கிழமை கால் வீங்கியிருந்தது. இரத்தப் பிறசர் நூற்று நாற்பதுக்கு ஏறியிருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் பார்க்கவேண்டும் என்று ஞானேஸ்வரி சொல்லியிருந்தார். சனிக்கிழமை எஞ்சின் ஒழுகியதால் போக முடியவில்லை. பஸ் செம்மலையோடு நின்றுவிடும். மழை பிடித்தால் நாயாறு கடலோடு உடைத்துக்கொண்டு தெருவையே மூடிவிடும். வானம் ஏற்கெனவே கிழக்கில் இருண்டு கிடந்தது.

"ஆசுபத்திரியில போய் இருக்கச் சொன்னனான்," என்றார் ஞானேஸ்வரி. "போனமுறை அங்க போயும் பிள்ளை தப்பேல்லையாம், மாட்டனெண்டு நிக்கிறாள். பிறசரை நான் கண்ணால கண்டு சொன்னால்தான் எழும்புவாள்."

"தாயைப் போல பிடிவாதம்," என்றார் யோசெப்.

"ஓமோம், நல்லதெல்லாம் தேப்பன்ர," என்று பட்டறையை ஒட்டிய சமையல் குசினிக்குள்ளிருந்து மனைவி யூலிற்றாவின் குரல் வந்தது.

யோசெப் வேலையைத் தொடங்கினார். ஒழுக்கின் வரலாறு அவருக்கு மனப்பாடம். ஆவணியில் முதன்முறை வந்தபோது பின்பக்கத்து றப்பர்க் குழாய் ஒன்றின் நுனியில் ஒரு துளி மட்டும் தொங்கியது. அதை அப்போதே நிறுத்திக் கொடுத்தார். புரட்டாசியில் கிளச் மூடியின் விளிம்பால் வந்தது. ஞானேஸ்வரி கொண்டுவந்த பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி, ஒயில் கசியாமல் மூடிக்கு இடையில் வைக்கிற கஸ்கெற் போட்டார். பத்து நாளில் செயின் பக்கத்தால் வந்தது. கலண்டர் மட்டையை வெட்டி, சவர்க்காரம் பூசி இறுக்கினார். பிறகு, சனிக்கிழமை, கியர்க் கம்பி நுழைகிற இடம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று. மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்குகிறது, அதுதான் காரணம் என்று சொல்லிவந்தார். இப்போது அவருக்கே அதில் நம்பிக்கை குறைந்திருந்தது.

ஞானேஸ்வரியிடம் மிச்சமிருந்தது அரைப் போத்தல் ஒயில். அதுவும் போனால் அடுத்த ஒயில் இனித் தை மாதம்தான் வரும்.

மூடிகளைக் கழற்றி, துடைத்து, புதுக் கஸ்கெற் வெட்டிப் பூட்ட மத்தியானம் ஆகிவிட்டது. வடித்தெடுத்த ஒயிலைத் திரும்ப விட்டு, விளிம்புகளில் அடுப்புச் சாம்பலைத் தூவினார். எங்கே ஈரம் கண்டாலும் சாம்பல் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். சொட்டுப் போத்தலால் நாலு சொட்டு. ஒரு உதை. நைன்ரி எழும்பியது. இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள். ஐந்து நிமிடம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. பிறகு இடது பக்கத்தில் ஊசிமுனையளவு கறுப்பு. வலதில் ஒன்று. அடியில் ஒன்று. மேலே, இதுவரை ஒருநாளும் ஒழுகாத வால்வு மூடியைச் சுற்றி, வியர்வை பூப்பது போல வரிசையாக.

யோசெப் எஞ்சினை நிறுத்தினார். கையிலிருந்த நட்டுச் சாவியை மணலில் எறிந்தார்.

"நான் இதைத் தொடுறதை விட்டிட்டு கிழிஞ்ச வலை பொத்தப் போகலாம்."

"உங்கட பொத்தலைப் பாத்தால் மீன் சிரிக்கும்," என்றார் யூலிற்றா, பிளேன்ரீ கொண்டுவந்தபடி. ஆனால் அவருடைய கண்ணும் நாயாற்றுப் பக்கம்தான் போய்வந்தது.

ஞானேஸ்வரி தேநீரைத் தொடவில்லை. கறுத்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எல்லா இடத்தாலையும் ஒரே நேரத்தில வருது. கண்டனீங்களோ?"

"கண்டன்."

"ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கினால் நான் காலோட நிக்கிறேல்லை. பிறசரைப் பாப்பன். உங்கட மகளுக்கும் அப்பிடித்தான் பாத்தனான். நீங்கள் ரெண்டு மாசமா இதின்ர காலுக்கு மருந்து கட்டுறியள்."

யோசெப் சிரித்தார். "எஞ்சினுக்குப் பிறசரோ? போட்டு எஞ்சினுக்குக் கிராங் பெட்டிக்குள்ள காத்து அடைபட்டு நிண்டால்தான் சீவன், மிஸி. ஒரு மயிரளவு ஓட்டை இருந்தால் எழும்பாது."

"அது போட்டு எஞ்சின். அதுக்கு அடியில ஒயில் ஊத்தி வைக்கிறனீங்களோ?"

"இல்லை. ஒயிலை மண்ணெண்ணெயோட கலந்து…" யோசெப் நிறுத்தினார். வாய் திறந்தபடி நின்றது.

ஞானேஸ்வரி பையைத் திறந்தார். பிரசவம் பார்க்கிற றப்பர்க் கையுறைகள் மூன்று சோடி இருந்தன, கழுவி அவித்து மா போட்டு மடித்தவை. புதியது வருவதில்லை. அவற்றில் பழையதொன்றை எடுத்தார்.

"பிறசர் மெசினைத் தரமாட்டன், கேட்கவும் வேண்டாம். இதைத் தாறன்."

ஒயில் விடுகிற துவாரத்தின் மூடியைக் கழற்றி, கையுறையின் வாயை அதன் கழுத்தில் மாட்டி, நைலோன் நூலால் கட்டினார்கள். கையுறை எஞ்சினின் பக்கத்தில் செத்த கணவாய் மீன் போலத் தொங்கியது. யோசெப் உதைத்தார்.

முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு உள்ளங்கை நிரம்பியது. சுட்டுவிரல் நிமிர்ந்தது, நடுவிரல் நிமிர்ந்தது, கடைசியாகச் சின்னவிரல். இரும்புக்குள்ளிருந்து ஒருவர் கையை வெளியே நீட்டுவது போல, ஐந்து விரலும் விரித்தபடி, எஞ்சினின் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கியபடி, அந்தக் கை எழுந்து நின்றது. வெளிறிய றப்பருக்கூடாகக் கடல் வெளிச்சம் தெரிந்தது.

"மாதாவே," என்று யூலிற்றா நெற்றியில் சிலுவை போட்டார்.

இருபது வருடம் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய யோசெப், அவற்றுக்குள் நடப்பதைக் காதால் கேட்டிருக்கிறார், கையால் உணர்ந்திருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. கை மேலும் பெருத்தது. விரல்கள் தடித்து ஒன்றையொன்று தள்ளின. பிறகு நூல் நழுவி, கையுறை ஒரு சத்தத்தோடு பறந்துபோய் வேலியில் விழுந்தது.

யோசெப் எஞ்சினை நிறுத்தினார். நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய கண் மெதுவாக, எஞ்சினின் மேலிருந்து புறப்பட்டுச் சட்டத்தின் வழியே பின்பக்கம் இறங்குகிற அந்த விரலளவு றப்பர்க் குழாயில் போய் நின்றது. எழும்பிப் போய், குழாயின் நுனியை இழுத்தெடுத்தார். அதற்குள் வலை மிதப்புக் கட்டையில் சீவிய தக்கை ஒன்று இறுக்கி, மேலே நைலோன் நூல் சுற்றி, மெழுகு பூசியிருந்தது. வேலை மிகத் துப்புரவானது.

"நான்தான் அடைச்சனான்," என்றார்.

ஞானேஸ்வரி குனிந்து தக்கையைப் பார்த்தார்.

"ஆவணியில வந்தநேரம் இதால ஒரு துளி விழுந்தது. ஒரு துளியும் வீண்போகக்கூடாது, மிஸி இந்த ஒயிலோட கடைசிவரைக்கும் எங்கட பிள்ளையிட்டப் போகவேணும் எண்டுதான்… போட்டு எஞ்சின் பழக்கம். ஓட்டையைக் கண்டால் கை அடைக்கப் போகுது." தக்கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது எஞ்சின் மூச்சுவிடுற வாய். அடைபட்ட காத்துத்தான் ஒயிலை எல்லா விளிம்பாலையும் தள்ளியிருக்கு. ரெண்டு மாசமா வாயைப் பொத்தி வைச்சிட்டு, ஏன் வேர்க்குது எண்டு துடைச்சுக்கொண்டிருந்திருக்கிறன்."

"இருபது வருசமா மெக்கானிக் எண்டு சொல்லிச் சோறு திண்டனீங்கள்," என்று யூலிற்றா தொடங்கினார். கணவரின் முகத்தைக் கண்டதும் மிச்சத்தைச் சொல்லவில்லை. வேலிக்குப் போய்க் கையுறையை எடுத்து, மணலைத் தட்டி, தானே துவாரத்தில் மாட்டினார். "திரும்ப ஒருக்கா அடியுங்கோ. பாப்பம்."

குழாய் திறந்திருக்க, யோசெப் உதைத்தார். இந்தமுறை கை எழும்பவில்லை. தொங்கியபடியே, விரல் நுனிகள் மட்டும் மெல்ல மேலே வந்து, மெல்லத் தாழ்ந்தன. நித்திரையில் கிடக்கும் குழந்தையின் விரல்கள் அப்படித்தான் அசையும் என்பது ஞானேஸ்வரிக்குத் தெரியும். யோசெப் குழாயின் நுனிக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்தார். சூடான காற்று தொட்டது; விலகியது; திரும்பத் தொட்டது. அவர் கையை எடுக்க மறந்துபோனார்.

"அண்ணை, நேரம் போகுது," என்றார் ஞானேஸ்வரி.

மூடிகளைத் துடைத்து, அரைப் போத்தல் ஒயிலையும் விட்டு, புதிதாகச் சாம்பல் தூவினார்கள். யோசெப் பின்னால் ஏறிக்கொண்டார். யூலிற்றாவும் வரப் பார்த்தார், நைன்ரியில் இடமில்லை. செம்மலைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். சாம்பல் வெள்ளை. நாயாற்றுப் பாலத்தில் நிறுத்தினார்கள். வால்வு மூடியில் ஒரு இடம் இலேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். கடற்காற்றில் மழை மணந்தது.

ஆன்சலா வாடிக்குள் பாயில் படுத்திருந்தாள்; வின்சன் கடலுக்குப் போயிருந்தான். தலையிடிக்குது என்றாள். கண்ணுக்குள் பூச்சி பறக்குது என்றும் சொன்னாள். ஞானேஸ்வரி கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். யோசெப் வாசலில் நின்று அந்தச் சின்ன வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் ஊசி ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கி, ஓர் இடத்தில் துடிக்க ஆரம்பித்தது. மத்தியானம் கையுறை நடுங்கியதைக் கண்ட கண்ணுக்கு அந்தத் துடிப்பு புதிதாக இருக்கவில்லை.

"நூற்றெழுபது," என்றார் ஞானேஸ்வரி. "கீழ நூற்றுப்பத்து. ஆன்சலா, இனி உன்ர கதை கேட்கேலாது. இண்டைக்கே போறம்."

"அப்பா?" என்றாள் ஆன்சலா.

"மிஸி சொல்லுறதைச் செய் பிள்ளை. ஒண்டையும் அடைச்சு வைக்கக்கூடாது," என்றார் யோசெப். மகளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் எழும்பினாள்.

ஞானேஸ்வரி மட்டும் செம்மலைக்குத் திரும்ப ஓடி, அங்கே இளையதம்பி என்பவரின் உழவு இயந்திரத்தை இழுவைப் பெட்டியோடு கூட்டிவந்தார். வைக்கோலுக்கு மேல் பாய் விரித்து ஆன்சலாவைக் கிடத்தினார்கள். நைன்ரி முன்னால் போனது. அளம்பிலில் யூலிற்றா தெருவில் மாற்றுடுப்புப் பையோடு நின்று ஏறிக்கொண்டார். ஆறுமணிக்கு முன் பெரியாசுபத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அடுத்தநாள் விடிய வயிற்றைக் கீறிப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. அழுதது.

புதன்கிழமை மழை தொடங்கியது. வியாழக்கிழமை நாயாறு கடலோடு உடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஞானேஸ்வரி குடையில்லாமல் நனைந்துகொண்டு அளம்பிலுக்கு வந்தார்.

"தாய்க்கு நூற்று முப்பது. பேத்தி கரண்டியால பால் குடிக்கிறா, உறிஞ்சத்தான் இன்னும் பழகேல்லை. யூலிற்றா அக்கா உங்களுக்குச் சமைச்சுத் தர ஆளில்லையே எண்டு கவலைப்படேல்லையாம், சொல்லச் சொன்னவா."

யோசெப் சிரித்தார். ஞானேஸ்வரி எஞ்சினை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார்.

"நிப்பாட்டாதையுங்கோ மிஸி. கொஞ்சம் பொறுங்கோ."

அவர் ஓலைத் தாழ்வாரத்துக்குள் குந்தி, குழாயின் நுனிக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்தார். மழை இரைந்தது. சூடான காற்று வந்து வந்து போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு துளி ஒயில் நுனியில் திரண்டு, தொங்கி, கையின் நடுவில் விழுந்தது.

அதை அவர் துடைக்கவில்லை.