இடது மூலையில் நான்கு வினாடி

ஒரு கல்யாண கேசட்டின் இடது மூலையில், மண்டபத்து கேட்டருகே பன்னிரண்டு வருடமாக நின்றிருந்த ஆறு வயதுப் பெண், அந்தக் கேசட்டை டிவிடிக்கு மாற்றிய செவ்வாய்க்கிழமையன்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டாள். படத்தில் வேறெதுவும் மாறவில்லை. மணப்பெண் அதே இடத்தில் தும்மினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா அதே நாற்காலியில் இடறி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று அதே மாதிரி சுற்றிப் பார்த்தார். வழியை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்லி மைக்கில் ஒருவர் அதே அலுப்போடு கேட்டுக்கொண்டார். பெண் மட்டும் முப்பதடி தள்ளி நின்றாள். அதே வாரம் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று நாள் ஓடியது. நாங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அந்தப் பெண் நகர்வது அது முதல் தடவை அல்ல.

அவள் வீடியோக்காரரின் மகள். கல்யாணம் யாரோ ஒருவருடையது. அன்றைக்கு வீடியோக்காரரின் மனைவிக்குத் தையல் யூனிட்டில் பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்ததால், பெண்ணை அவரே வேலைக்குக் கூட்டிப் போனார். அம்மா தைத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். முன்பக்கம் ஆறு பொத்தான். மஞ்சள் பொத்தான் ஐந்தோடு தீர்ந்துபோனதால் கடைசிப் பொத்தான் மட்டும் நீலம். வீடியோக்காரரின் பையில் இரண்டு கேசட் இருந்தன. ஒன்று இரண்டு மணி நேரம் ஓடும். விழா நீளும்போல் இருந்தது. கேமராவை லாங் ப்ளேயில் வைத்தால் டேப் மெதுவாக ஓடி, ஒரே கேசட்டில் நான்கு மணி நேரம் அடங்கும். படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்படியே வைத்துவிட்டு, இரண்டாவது கேசட்டைப் பிரிக்காமல் பைக்குள் போட்டார். பெண் கேட்டருகே நின்று கையாட்டினாள். எந்த அப்பாவும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கேமராவை அவள் பக்கம் வைத்து நான்கு வினாடி எடுத்தார். அதற்குள் மேடையிலிருந்து மணப்பெண்ணின் மாமா, "வீடியோ, இங்க பாருப்பா, கிஃப்ட் குடுக்கறாங்க!" என்று கத்தினார். வீடியோக்காரர் திரும்பினார். கிஃப்ட் எடுத்துவிட்டு மறுபடி பார்த்தபோது கேட் மட்டும் இருந்தது.

அந்த நான்கு வினாடியில், கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவரின் கை நீண்டு, பெண்ணின் இன்னொரு கையைப் பிடித்திருக்கிறது. மணிக்கட்டு வரைக்கும் அது கை. அதற்கு மேலே இருப்பது கரைந்துபோன ஒரு கறை. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனிலேயே வீடியோ டெக் வைத்து நாற்பது தடவை போட்டுப் பார்த்தார்.

"இது ஆம்பளையாய்யா, பொம்பளையாய்யா?"

"தெரியல சார்."

"நீதானேய்யா எடுத்தே?"

"நான்தான் சார் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கேமராவைப் பற்றி ஓரளவு தெரியும். லாங் ப்ளேயில் எடுக்காமல் இருந்திருந்தால் முகம் கொஞ்சமாவது விழுந்திருக்குமே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி அப்போதுதான் முதன்முதலாக அதைக் கேள்விப்பட்டாள். "ஒரு கேசட்ட மிச்சம் புடிச்சு என்னங்க செய்யப் போறீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து அவள் கணவனிடம் படத்தைப் பற்றித் தவிர எதுவும் பேசவில்லை. போடுங்க, நிறுத்துங்க, திரும்பப் போடுங்க. இந்த மூன்று சொல்லில் அந்த வீட்டில் பதினாறு வருடக் குடித்தனம் நடந்தது. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்துத் தட்டோரம் வைப்பாள். பேச மாட்டாள். பேசாதவளை எப்படிச் சமாதானம் செய்வது? அவரும் தண்டனையை ஒத்துக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

தினமும் யூனிட்டிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்காருவாள். மண்டபத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை விளக்கு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் செய்துகொண்டவர்களே மறந்துபோன கல்யாணத்தை அவள்தான் ஞாபகம் வைத்திருந்தாள். ஓட்டி ஓட்டி அந்த நான்கு வினாடியில் மட்டும் டேப் தேய்ந்து, குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பித்தன. அப்போதுதான் விசிடி வந்தது. எங்கள் தெருமுனையில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு எங்கள் வாயில் பெயர் தெளிவு, ஏனென்றால் எதை விற்றாலும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விற்பார். ஒருமுறை மிக்சியை விற்றதும் அப்படித்தான். "அண்ணே, மாத்திடுங்க, அவ்வளவு தெளிவா இருக்கும்" என்றார். மாற்றினார்கள். பெண் கேட்டைத் தாண்டி ஒரு அடி வெளியே நின்றாள். அந்தக் கையில் ஐந்து விரலையும் எண்ண முடிந்தது. பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்தால், அதிலும் அவள் ஒரு அடி வெளியேதான் நின்றாள். ஒரே பெண் இரண்டு இடத்தில் எப்படி நிற்பாள் என்று நாங்களும் அதை விட்டுவிட்டோம்.

பிறகு டிவிடி. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதில் அந்தக் கைக்கு மேலே கட்டம் போட்ட சட்டையின் முழங்கை வரை தெரிந்தது, ஆனால் இருவரும் சாலைக்கு அப்பால் போயிருந்தார்கள், பெண் தீக்குச்சி உயரத்துக்கு ஆகிவிட்டாள். அன்றுதான் கணவனுக்கும் மனைவிக்கும் விஷயம் முழுதாக விளங்கியது. தெளிவு கூடக் கூடத் தூரமும் கூடுகிறது. எதிர்நடைபாதை பத்தடியில் ஒரு முனையில் திரும்பிவிடும். இன்னொரு முறை மாற்றினால் முகம் தெரியலாம். இல்லையென்றால் அவள் அந்த முனையைத் திரும்பிவிடலாம். மனைவி டிவிடியைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான்கு வருடம் அது அங்கேயே கிடந்தது.

அந்த நான்கு வருடத்தில் ஹெச்டி டிஸ்க் வந்தது. அதிலும் இரண்டு கம்பெனிக்காரர்கள் இரண்டு விதமாகச் செய்து, என்னுடையதுதான் நிற்கும் என்று மோதிக்கொண்டார்கள். எங்கள் தெருவும் இரண்டாகப் பிரிந்தது. சலூன்காரர் ஒரு கட்சி, மருந்துக்கடைக்காரர் ஒரு கட்சி. எந்த டிஸ்க்கும் நிற்காது, கேசட்டுக்கு அழிவே கிடையாது என்று ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் தனிக்கட்சி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தெளிவு இரண்டு விதத்தையும் விற்றார். தங்கள் வீட்டு விசேஷப் படங்களை மாற்றியவர்களுக்கு வேறு தொல்லைகள் வந்தன. சலூன்காரரின் மாமியார், மகளை வழியனுப்பும்போது அழுததாக இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தது அழுகை இல்லை, கொட்டாவி என்று தெரிந்துபோயிற்று. வீடியோக்காரர் யார் கட்சியிலும் சேரவில்லை. மற்றவர்கள் கேட்டால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், கேசட்டில் விழாதது எந்த டிஸ்க்கிலும் வராது என்று தொழில் தெரிந்தவராகச் சொல்லுவார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டிய பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாற்றிக்கொடுக்கும் கடையில், இன்னும் ஒரு தடவை ஓடும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்கள். அதை வீட்டில் சொன்னபோது அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாத்திடுங்க. மூஞ்சி தெரிஞ்சா போதும்."

"பாப்பா முனையத் திரும்பிட்டான்னா?"

"இப்ப மட்டும் இங்கயா இருக்கா?"

மாற்றினார்கள். ஹெச்டி டிஸ்க்கில் அந்தக் கல்யாணம் கண் கூசும்படி இருந்தது. மாப்பிள்ளையின் மேலுதட்டில் வியர்வைத் துளிகளை எண்ணலாம். கிஃப்ட் பெட்டியில் கிழிக்க மறந்த விலைச்சீட்டைப் படிக்கலாம். கேட்டின் கீலில் துரு எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்லலாம். பெண் இல்லை. கையும் இல்லை. கேட் திறந்து கிடந்தது, சாலை காலியாக இருந்தது, முனையில் வெயில் மட்டும் அடித்தது. டிவிடியைப் போட்டார்கள், இல்லை. விசிடியில் இல்லை. கல்யாண வீட்டுக்காரர்களிடம் இருந்த பிரதியிலும் இல்லை. அந்த மணப்பெண், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், தானாகவே போன் செய்து, "அக்கா, எங்க கேசட்ல பாப்பாவக் காணோம்" என்று அழுதாள்.

எட்டு நாள் இருவரும் யூனிட்டுக்கும் போகாமல் வேலைக்கும் போகாமல் ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அவள் டிவிமேல் ஒட்டிவைத்துத் தேடினாள். எட்டாம் நாள் மத்தியானம், கேட்டுக்குக் கீழே ஜல்லியில் ஒரு நீலப் பொத்தான் கிடப்பதைப் பார்த்தாள். அறுந்த மஞ்சள் நூல்கூட அதில் இருந்தது. அவ்வளவு தெளிவு. அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. தெருவே கேட்கும்படி கதறினாள். கதறி முடித்து, பதினாறு வருடத்தில் முதல் தடவையாகக் கணவனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மொத தடவ நீங்க தொலைச்சீங்க. இந்தத் தடவ நான் தொலைச்சுட்டேன்."

அவர் பரண்மேலிருந்து பழைய கேமராவை இறக்கினார். பையின் அடியில் பதினாறு வருடமாகப் பிரிக்காமல் கிடந்த அந்த இரண்டாவது கேசட்டை எடுத்தார். இத்தனை நாளும் அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வேறு எவர் கல்யாணத்தையும் அதில் எடுக்கவும் கை வரவில்லை. அதைக் கேமராவில் போட்டு, லாங் ப்ளேயை மாற்றி, முழு வேகத்தில் வைத்தார். மண்டபம் இப்போது டயர் குடோன். கேட் அதேதான், பச்சைக்குப் பதில் சாம்பல் பெயிண்ட். அன்றைக்கு நின்ற இடத்தில் நின்று, கேட்டையும் சாலையையும் முனையையும் வைத்துப் பட்டனை அழுத்தினார். காவலாளி வந்து என்ன எடுக்கிறாய் என்று கேட்டார். பின்னால் லாரி வந்து ஹார்ன் அடித்தது. "யோவ் வீடியோ, இங்க பாருய்யா, காது கேக்காதா?" என்று டிரைவர் திட்டினார். ஒரு அடுக்கு டயர் சரிந்து காலடியில் உருண்டது. ஒரு குளவி காதுமடலில் உட்கார்ந்து, யோசித்து, கொட்டியது. வீடியோக்காரர் திரும்பவில்லை. இரண்டு மணி நேரமும் அவர் கண்ணில் பட்டது ஒரு நாயும் இரண்டு சைக்கிளும்தான். டேப் முடிந்து கேமரா தானாக நின்றதும், வீங்கிய காதோடு வீட்டுக்கு வந்தார்.

மாலை நாலு மணிக்கு அவள் அந்தக் கேசட்டை டெக்கில் போட்டாள். முதல் பத்து நிமிஷம் காலிச் சாலை. பிறகு முனையில் ஒரு மஞ்சள் புள்ளி திரும்பியது. கட்டம் போட்ட சட்டை அதோடு வரவில்லை. புள்ளிக்குப் பத்தடி நடக்க அரை மணி நேரம் ஆயிற்று. நாய் அதைத் தாண்டிப் போனது, இரண்டு சைக்கிளும் போயின. அம்மா வழிமேல் விழி வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற அப்பாவுக்கு மூச்சு விடவும் பயம். புள்ளி தீக்குச்சி ஆயிற்று, சாலையைக் கடந்தது, கேட்டுக்குள் வந்தது, கவுன் ஆயிற்று. கடைசி ஒரு நிமிஷம் டிவி முழுக்க மஞ்சளாக இருந்தது. பிறகு டேப் தீர்ந்து, திரை நீலமாயிற்று. டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவில் பெண் நின்றிருந்தாள்.

கேசட் தரத்தில்தான் இருந்தாள். ஓரங்கள் கலங்கியிருந்தன. உதட்டின் சிவப்பு உதட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வழிந்தது. அவ்வப்போது ஒரு வெள்ளைக் கோடு காலிலிருந்து தலைக்கு ஏறி மறைந்தது. கண்ணால் பார்த்துப் பொத்தானை எண்ண முடியாது. அம்மா முட்டி போட்டு, விரலால் தடவி எண்ணினாள். ஐந்து. ஆறாவது இடத்தில் நூல் மட்டும் இருந்தது.

"என்னங்க, மஞ்ச நூல் எடுங்க. தையல் டப்பால நீலப் பொத்தான் ஒண்ணு கிடக்கும், அதையும் கொண்டாங்க" என்றாள். அவர் இரண்டையும் கொண்டுவந்தார். ஊசியில் நூலை அவளே கோத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஹெச்டி டிஸ்க் கேசட்டை ஒழித்துக்கட்டியது, அடுத்ததாக வந்தது ஹெச்டி டிஸ்க்கை ஒழித்துக்கட்டியது. தெளிவு இப்போது வாஷிங் மெஷின் விற்கிறார். தபால்காரர் மட்டும், பார்த்தீர்களா, கேசட் அழியாது என்று சொன்னேனே என்று அந்தப் பெண்ணைக் காட்டுகிறார். அவள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள், வருடா வருடம் ஒன்றாம் வகுப்பில்தான். பின்னால் உட்கார்ந்தால் சுவரோடு கலந்துவிடுகிறாள் என்று டீச்சர் முதல் பெஞ்சில் வைத்திருக்கிறார். அந்தக் கை யாருடையது என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தாயிற்று. அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவளுக்கு இருப்பது ஒரு கேள்விதான், அதையும் அப்பாவிடம் மட்டும் கேட்பாள், தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது.

"அப்பா, அன்னைக்கு ஏன்பா அந்தப் பக்கம் திரும்பினே?"

"இனிமே திரும்ப மாட்டேன்மா" என்பார் வீடியோக்காரர்.

பிறகு இருவரும் புறப்படுவார்கள். அவள் முன்னோக்கி நடப்பாள். அவர் அவளுக்கு நான்கடி முன்னால், அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார், வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட கேட் வரை. குழி இருந்தால் நாங்கள் குரல் கொடுப்போம். சைக்கிள்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.