துளசிராமன் விமானத்தை நிறுத்திய கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் குழாய் ஆலை. அதில் துளசிராமன் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் தொழிலாளர்களை வெயிலில் நிறுத்தி இருபது நிமிடம் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் மயங்கி விழுந்ததுண்டு. அது விபத்துக் கணக்கில் சேராது என்று அவரே விதி எழுதிக்கொண்டார்.

அவருடைய வாழ்நாள் சாதனை மஞ்சள் அட்டை. ‘ஆபத்து என்று தோன்றினால் இதைக் காட்டு, வேலை நிற்கும்’ என்று ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், அடியில் ஆலைத் தலைவரின் மின்னஞ்சல் முகவரி. எல்லோர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டத்தான் அந்த அட்டை. மூன்று வருடமாக எல்லோரும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள், ஸ்டீபனைத் தவிர.

புதுவாயல் ஸ்டீபன் கிரேன் ஓட்டுகிறவர். கூரையடியில் ஓடும் கிரேன் ஒருநாள் உதறியதும், இறங்கி வந்து அட்டையை நீட்டிவிட்டார். மூன்று மணி நேரம் உற்பத்தி நின்றது. மறுநாள் துளசிராமனிடமிருந்து மெமோ வந்தது: கீழ்ப்படியாமை, திங்கட்கிழமை விசாரணை. விசாரிக்கப் போகிறவரும் அவரே. பதினாறு வருட வேலை போகப்போகிறது என்பது கேன்டீனில் டீ ஊற்றுகிறவருக்கே தெரிந்திருந்தது. ஸ்டீபனின் மகள் ஜெனிபர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து இரண்டே மாதம்.

இந்த லட்சணத்தில் விபத்தில்லா ஆண்டுக்கான பரிசு வேறு. ஓர் அதிகாரிக்கும், குலுக்கலில் ஒரு தொழிலாளிக்கும் நேபாளப் பயணம். குலுக்கலில் ஸ்டீபன் பெயர் மெமோவுக்கு முன்பே விழுந்துவிட்டது. டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியவில்லை. ஆகவே சனிக்கிழமை காலை காத்மாண்டுவில், ஒரு குட்டி விமானத்தில் துளசிராமனுக்கும் ஸ்டீபனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போய் மாலையில் திரும்புவது ஏற்பாடு.

“பயம்ங்கறது டிரெயினிங் இல்லாதவனுக்குத்தான் ஸ்டீபன்,” என்றார் துளசிராமன், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. “கிரேன் கொஞ்சம் ஆடுனா எறங்கிடறதா? அதான் உன் பிரச்சன.”

“சரி சார்.”

இரண்டு மலைகளுக்கு நடுவில் நுழைந்ததும், பள்ளத்தில் இறங்கும் ஷேர் ஆட்டோ போல விமானம் தொபுக்கென்று விழுந்தது. எழுந்தது. பக்கவாட்டில் ஓர் உலுக்கு உலுக்கியது. மறுபடி விழுந்தது.

“ஸ்டீபன்... இது நார்மலா?”

“எனக்கு இன்னா சார் தெரியும்? எனக்கு டிரெயினிங் கெடையாதே.”

மூன்றாவது முறை விழுந்தபோது துளசிராமன் பெல்ட்டைக் கழற்றினார். நாலு காலில் தவழ்ந்தே முன்னால் போனார். அந்த விமானத்தில் விமானிக்கும் பயணிகளுக்கும் நடுவே கதவு கிடையாது. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை உருவி விமானியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஸ்டாப்! ஸ்டாப் ஒர்க்!”

விமானி புரியாமல் விழித்தார்.

“சார், தமிழ் பக்கத்தக் காட்டிக்கினு கீறீங்க! இங்கிலீஷத் திருப்புங்க!” என்று ஸ்டீபன் பின்னாலிருந்து கத்தினார்.

துளசிராமன் திருப்பினார். விமானி அட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, இங்கே நிறுத்தினால் விழுந்துவிடுவோம், போய் உட்காருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஸ்டீபன்தான் எட்டித் துளசிராமனின் இடுப்பைப் பிடித்து இழுத்து, உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார்.

“மெமோ கேன்சல் ஸ்டீபன். கைய மட்டும் உடாத.”

“உடல சார். வாந்தி வந்தா கவர் இங்க கீது.”

தரையில் இறங்கி ஐந்தே நிமிடத்தில் துளசிராமனுக்குக் குரல் திரும்பியது. “மேல பேசுனது வேற, அபிஷியல் வேற. புரியுதா?”

“புரியுது சார். கிரேன்ல நானும் மேலதான் சார் இருந்தேன்.”

திங்கட்கிழமை விசாரணைக்கு முன்பே ஆலைத் தலைவர் எல்லோரையும் ஆலை வாசலில் கூட்டினார். விமானி அட்டையிலிருந்த முகவரிக்கு எழுதியிருந்தார்: ‘பறக்கும் விமானத்தில் உங்கள் அதிகாரி இந்த அட்டையைக் காட்டினார். இனி அவரை எங்கள் பக்கம் அனுப்பாதீர்கள்.’ தலைவர் எந்தக் கடிதத்திலும் முதல் வரிக்கு மேல் படிப்பவர் அல்ல. ‘இமயத்திலும் நம் அட்டை’ என்று பேனர் தயார். துளசிராமனுக்குச் சால்வை விழுந்தது.

“நம்ம பிளான்ட்ல இத யூஸ் பண்ணவங்க யாராவது இருக்காங்களா?” என்று தலைவர் கேட்டார்.

இருநூறு தலைகள் ஸ்டீபன் பக்கம் திரும்பின. துளசிராமனுக்குச் சால்வைக்குள் வியர்த்தது.

“ஒருத்தர் இருக்காரு சார். ஸ்டீபன். நான்தான் என்கரேஜ் பண்ணேன்.”

தலைவர் உடனே கிரேனைப் பார்க்கச் சொன்னார். அது ஓடும் தண்டவாளத்தில் நான்கு போல்ட்டைக் காணோம்.

மதியம் துளசிராமன் ஸ்டீபனை அறைக்குள் கூப்பிட்டு, மெமோவை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“போதுமா?”

“போதாது சார். வாபஸ்னு எழுதிக் குடுங்க. நீங்க மேல ஒண்ணு சொல்வீங்க, கீழ ஒண்ணு சொல்வீங்க.”

துளசிராமன் எழுதினார். ஸ்டீபன் படித்துப் பார்த்துவிட்டு, நகராமல் நின்றார்.

“இன்னும் இன்னாய்யா?”

“சீல் வெக்கல சார்.”