மேல்மாடி நாயகன், கீழ்வீட்டு வில்லன்

எங்கள் வீட்டில் நாயகர்கள் மேல்மாடியிலும் வில்லன்கள் கீழ்த்தளத்திலும் குடியிருந்தார்கள். இடையில் இருந்த மாடிப்படி என்னுடையது.

மேலே அண்ணன், கீழே தம்பி, நடுவில் பிறந்தவள் நான். மூவரும் சேர்ந்து ஒரு சித்திரக்கதை இதழை உருவாக்கிவந்தோம். கதையும் வசனமும் என் பொறுப்பு. வெண்கவசன் முதலிய நல்லவர்களையும் கட்டடம், வானம், மரம் ஆகியவற்றையும் அண்ணன் வரைவார். புழுதிராஜா முதலிய கெட்டவர்கள் தம்பியின் பங்கு. அண்ணன் தம் வேலையை முடித்து, கெட்டவன் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவைப்பார். அந்தத் தாளை நான் கீழே கொண்டுபோவேன். தம்பி வெள்ளையை நிரப்பித் தருவான்.

தொடக்கத்தில் இருவரும் ஒரே மேசையில்தான் வரைந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, புழுதிராஜாவின் முகமூடியைக் கழற்றிக் காட்ட வேண்டிய கட்டம் வந்தது. தம்பி விளையாட்டாக அந்த முகத்தில் அண்ணனின் மூக்கை வைத்துவிட்டான். நடுவில் வளைந்து நுனி தொங்கும் மூக்கு. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வாய்க்காதது. அடுத்த வாரம் ஒரு விருந்தில் முன்பின் அறியாத ஒருவர் அண்ணனைப் பார்த்து, “அட, புழுதிராஜா!” என்று கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மறுநாள் அண்ணன் தம் மேசையை மாடிக்கு ஏற்றிக்கொண்டார். மூக்கின்மேல் கோபம் என்பார்கள். எங்கள் வீட்டில் கோபமே மூக்கினால் வந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேச வேண்டியதை நான்தான் ஏற்றி இறக்கினேன்.

இம்முறை பதிப்பாளர் கேட்டது ஒரு சிறப்பிதழ். நாயகனும் வில்லனும் ஒன்றுசேர்ந்து காலப்பயணம் போவதை வாசகர்கள் விரும்புகிறார்களாம். எழுதிக் கொடுத்தேன். காலந்தின்னி என்ற ஒன்று கடந்த காலத்தைத் தின்றுகொண்டே வருகிறது. அதற்கு உருவம் கிடையாது. அது தின்ற இடம் வெறும் வெள்ளை. தனித்தனியே மோதித் தோற்ற வெண்கவசனும் புழுதிராஜாவும் வேறு வழியின்றிக் கைகோத்துப் பின்னோக்கிப் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூட மதிலருகே, சிறுவனாக இருக்கும் புழுதிராஜாவைக் கண்டுபிடிக்கிறார்கள். காலந்தின்னி அவனை நெருங்குமுன் காப்பாற்ற வேண்டும்.

கதை எனக்கே பிடித்திருந்தது. ஆனால் ஒன்றை நான் யோசிக்கத் தவறிவிட்டேன்.

அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் மீதமிருந்த நாளில் பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். அவர் எப்போதும் மரியாதையாகப் பேசுபவர்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன ரெண்டு இதழும் லேட்டு. இன்னிக்கு சாயங்காலம் ஆள் அனுப்பறேன். பக்கம் ரெடியா இல்லன்னா, அடுத்த இதழ்லேர்ந்து வேற ஓவியருங்களுக்குக் கொடுத்துடுவேன். அச்சகத்துக்கு என்னால பதில் சொல்ல முடியல.”

நான் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மதிலும் வெண்கவசனும் தயார். அருகே இரண்டு வெள்ளை இடங்கள்: ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

தம்பி சிறியதன்மேல் விரலை வைத்தான். “இது யாரு?”

“சின்ன வயசுப் புழுதிராஜா.”

“இவன் இன்னும் ஒரு தப்பும் பண்ணலையேக்கா. நல்லவங்கல்லாம் மேல்மாடி. கொண்டுபோ.”

நான் ஏறினேன். அண்ணன் தலை நிமிரவில்லை.

“வளந்தா யாரு ஆவான்? புழுதிராஜா. அவன் பெத்த பிள்ளை, அவனே வரையட்டும்.”

இறங்கினேன். “பத்து வயசுல யாரும் வில்லன் கிடையாதுன்னு சொல்லு,” என்றான் தம்பி. ஏறினேன். “அத எட்டு வருஷம் முன்னாடி யோசிச்சிருக்கணும்னு சொல்லு,” என்றார் அண்ணன். அந்தப் பதிலுக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. மறுபடியும் இறங்கத் தொடங்கியபோது முழங்கால் விண்ணென்று தெறித்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“இனிமே நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்,” என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் பழக்கம் எனக்கு இல்லை. “பக்கம் இங்கதான் இருக்கு. வேணுங்கறவங்க வந்து எடுத்துக்குங்க. வேண்டாம்னா, வர்ற ஆளுகிட்ட வெள்ளையாவே கொடுத்து அனுப்பிடறேன். காலந்தின்னி தின்னுடுச்சுன்னு வாசகர்கள் நெனச்சுக்கட்டும்.”

“அவளுக்கு என்னவாம்?” மேலிருந்து.

“கால் வலியாம்,” கீழிருந்து.

இருவரும் என்னிடம்தான் பேசுவதாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது தாள் என் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் மை இன்னும் காயவில்லை. சிறிய வெள்ளையில் ஒரு சிறுவன் நின்றான். முறம்போல விரிந்த காதுகள். சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. அதனால் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பள்ளிக்குக் கிளம்பும் தம்பி தினமும் அப்படித்தான் நிற்பான். அவனைப் பிடித்து நிறுத்தி, அவிழ்த்து, சரியாகப் போட்டுவிடுவது அண்ணனின் வேலை. மேல்மாடியில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவர் தம் இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

தம்பி நாலைந்து படி ஏறிவந்து தாளை எடுத்தான். நெடுநேரம் பார்த்தான்.

“காது இவ்ளோ பெருசா இல்ல.”

நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

“இருந்துச்சு,” என்றது மேல்மாடி.

தம்பி தாளோடு இறங்கினான். நான் படியிலேயே இருந்தேன். சன்னல் வெயில் இரண்டு படி தாண்டும்வரை அவன் வரவில்லை. வந்தபோது தாளை என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

புழுதிராஜா அந்த இடத்தில் கையை நீட்டி முழங்க வேண்டும் என்பது என் கதைக்குறிப்பு. நாலு வரி வசனம் எழுதி வைத்திருந்தேன். தம்பியின் புழுதிராஜா முழங்கவில்லை. சிறுவன் முன் மண்டியிட்டு, அவன் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தான். முகமூடி தரையில் கிடந்தது. குனிந்த முகத்தில் அதே வளைந்த மூக்கு. வசனத்துக்கு இடமே விடப்படவில்லை, நானும் தேடவில்லை.

அண்ணன் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“மூக்கு சரியில்ல,” என்றார்.

கீழே அழைப்புமணி ஒலித்தது, பதிப்பாளரின் ஆள். இனி யார் வரைந்தால் என்ன என்று தோன்றும் அளவுக்கு நான் களைத்திருந்தேன்.

அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். “டேய். நுனி இன்னும் கொஞ்சம் தொங்கணும்.”

தம்பி கதவைத் திறந்துவிட்டுப் படியடிக்கு வந்தான். “தெரியும்ணே. பயந்துக்கிட்டு கொறச்சுட்டேன்.”

“யாரு உன்ன கொறைக்கச் சொன்னா? வந்த ஆள உக்கார வெச்சுட்டு, தூரிகைய எடுத்துக்கிட்டு மேல வா.”

எட்டு ஆண்டுப் பழக்கம். தூரிகையை வாங்கிவர என் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன.

“உன்ன இல்லம்மா,” என்றார் அண்ணன். “நீ உக்காரு.”

நான் மறுபடி உட்கார்ந்து, தம்பி ஏறிப்போகச் சுவரோரமாகக் காலை மடக்கிக்கொண்டேன்.