மூன்று நொடி

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அவள் வேலை பார்த்த அறையின் சுவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; சத்தம் போகாமல் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். வழக்குகளில் வரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தருவது அவள் உத்தியோகம். தும்மலைக்கூட விடக் கூடாது.

அன்று மத்தியானம் வந்த கோப்பில் பெயர் இல்லை, எண் மட்டும். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நம்ப வைத்து ஒரு பெண்ணோடு இருந்துவிட்டுக் கைகழுவியவனின் வழக்கு. அவன் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய குரல் செய்தி. ஹெட்போனை மாட்டினாள்.

டம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம். ஒரு இருமல். "கண்ணு, உங்க வீட்ல நானே வந்து பேசறேன். நீதான் என் பொண்டாட்டி. நம்பறியா?"

பிறகு மூன்று நொடி மௌனம். அந்த மௌனத்துக்குள் அவள் வாய் தானாக, "ம்" என்றது.

யாருக்குப் பதில் சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது. காதுக்கு முன்னால் வாய் அவனைக் கண்டுகொண்டிருந்தது. வேலையாக வெளியூரில் இருக்கிறேன், வந்ததும் கல்யாணம் என்று அவளிடம் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன்.

அவன் தனக்கு அனுப்பி, தன் போனில் பத்திரமாக வைத்திருந்த செய்தியை எடுத்தாள். ஒரு காதில் அது, மறு காதில் இது. கரண்டி நாலு சுற்று, இருமல், கண்ணு. மயிரிழைகூடப் பிசகவில்லை. மகராசன், ஒரே தடவை பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான்!

அந்த வழக்கை நடத்தும் அரசு வக்கீலம்மாவின் அறைக்குப் போனாள். அவர் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "மனசாரதான் சொன்னேன், அப்புறம் சூழ்நிலை மாறிடுச்சும்பான். அப்படின்னா அது வாக்குத் தவறினது, அவ்வளவுதான். குற்றம் நிக்காது. சொன்னப்பவே பொய்யின்னு காட்டணும். அவன் மனசுக்குள்ள இருந்ததுக்கு நான் எங்கம்மா சாட்சி தேடறது?"

அவள் போனை மேசைமேல் வைத்தாள். வக்கீலம்மா கேட்டார், தேதியைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது மேடம். அந்தப் பொண்ணுக்கு அனுப்பறதுக்கு எட்டு மாசம் முந்தி."

"கூண்டுல ஏறணும். நீயும் அவன்கூட இருந்தியான்னு நாலு பேர் முன்னாடி கேப்பாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சிடும். யோசிச்சுக்கோ."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அது அவளுக்கும் தெரியும். போனை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆளில்லாத அறையில் தன் வாயிலிருந்து வந்த அந்த "ம்", அதைவிடப் பயமாக இருந்தது.

"ஏறறேன்."

விசாரணை நாளில், நல்ல வெளிச்சத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவை ஓடவிட்டார்கள். எதிரே அவன் தலையைக் குனிந்து நின்றான், பரம சாது மாதிரி. கரண்டி. இருமல். நம்பறியா?

கூண்டில் நின்றவள் பல்லைக் கடித்துப் பார்த்தாள். அப்படியும் வந்துவிட்டது, "ம்". அதே நொடியில் முன்வரிசையிலிருந்த, வழக்குப் போட்ட பெண்ணிடமிருந்தும் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மௌனத்தில் இன்னும் ஒரு நொடி பாக்கி இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் மெல்லச் சொன்னது.

"ம்."

அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.