சின்ன எழுத்துக் குடும்பங்கள்

“அப்படியொரு குடும்பமே பதிவில இல்லையாம் புள்ள. என்ர மூஞ்சிக்கு நேர சொல்றானுகள்.”

கலாஜினி காட்டிய கதிரையில் தெய்வமணி உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுனாமி அடித்து ஒன்றரை வருடமாகிவிட்டது. களுதாவளை முகாமில் புதுவீடு கிடைக்கப்போகிறவர்களின் பெயர்களை வாசித்தபோது அவளுடைய பெயர் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, நிவாரணக் கந்தோரிலிருந்து வந்தவர்கள் இவள் உண்மையில் வீடிழந்தவளா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தண்ணீர்த் தாங்கியடியில் அவளுடைய வாளியை யாரோ வரிசைக்கு வெளியே தள்ளி வைக்கிறார்கள்.

அந்த நிவாரணக் கந்தோரில் கணினிப் பதிவு கலாஜினியின் வேலை. தெய்வமணியின் விபரத்தைத் தட்டியதும் அவள்தான். காலுடைந்து ஆசுபத்திரியில் கிடந்ததால் அந்த முகாமில் பிந்திப் பதிந்தவள் தெய்வமணி ஒருத்திதான். கலாஜினி தன் திரையில் தேடினாள், பெயர் இருந்தது. கொழும்புத் தலைமைக் கந்தோர் பார்க்கும் திரையில் தேடினாள், இல்லை. டேட்டாபேசில் உள்ள அட்டவணைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். Families என்று ஒன்று. families என்று இன்னொன்று.

கொழும்பில் முதல் அட்டவணையை உருவாக்கியவர் பெரிய F போட்டு, பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருக்கிறார். மேற்கோளுக்குள் எழுதிய பெயரை டேட்டாபேஸ் அப்படியே வைத்துக்கொள்ளும். மேற்கோள் இல்லாமல் கேட்டால், எப்படித் தட்டினாலும் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் தேடும். இதை மட்டக்களப்புக்கு யாரும் சொல்லவில்லை. பிந்தி வருகிறவர்களைப் பதிய இங்கே எழுதிய புதுத் திரை மேற்கோளில்லாமல் கேட்டது. அப்படியொரு அட்டவணை இல்லையென்று பதில் வந்தது. அவசரத்தில் யாரோ, இல்லையென்றால் உருவாக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு திரை ஒரு பிழையும் காட்டவில்லை. எல்லா முகாம்களிலும் பிந்தி வந்தவர்கள் சின்ன எழுத்துக்குள் போய் விழுந்தார்கள்.

“ஒரே பேரில ரெண்டு பெட்டி அக்கா. ஒண்டு பெரிய எழுத்து, மற்றது சின்ன எழுத்து. உங்களச் சின்னதுக்குள்ள போட்டிருக்கம். அவங்க பெரிசத்தான் திறந்து பாத்திருக்காங்க.”

“நம்மட எழுத்தில பெரிசு சின்னன் இல்லையே.”

“இல்ல.”

“அப்ப ஆர்ர பிழைக்கு நான் கள்ளியானன்?”

பொறுப்பாளர் சுபாகரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீரை உறிஞ்சினார். “அடுத்த கட்டத்தில வீடு குடுப்பம். தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு வரி எழுதி வையுங்க. முகாமில போய் விளக்கமெல்லாம் வேணாம்.”

“கள்ளியோ எண்டு விசாரிக்க மட்டும் முகாமுக்குப் போனமே, சேர்?”

அவர் மேசையில் கிடந்த கடிதமொன்றைப் பிரித்தார். கலாஜினி எழுந்தாள். கேட்ட பெட்டிக்குள் இல்லையென்றுதான் கணினி சொன்னது. அப்படியொரு மனுசியே இல்லையென்று சொன்னவர்கள் இவர்கள்.

அவள் தெய்வமணியோடு பஸ் ஏறினாள். தண்ணீர் திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

“இந்த அக்கா பொய் சொல்லல்ல. பிழை எங்கட கந்தோரில,” என்றாள், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்க.

முன்னால் நின்ற சீதேவிப்பிள்ளை இடுப்பில் கைவைத்தாள். “அப்ப உங்கட கொம்பியூட்டருக்குக் கண் தெரியாதோ?”

“அதுக்குத் தெரியும். நாங்கதான் மற்றப் பெட்டியப் பாக்கல்ல.”

குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வேலியோரம் கவிழ்ந்து கிடந்த தன் வாளியைத் தெய்வமணி எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். வரிசையின் நடுவில் வைத்தாள். கைபிடியை விடாமல் அங்கேயே நின்றாள்.