418-ஆம் நம்பர் பூட்டு

எங்கள் கார் கம்பெனி மூன்று வருஷமாகச் சாகக் கிடந்தது. நாங்கள் செய்த காரை நாங்களே வாங்க மாட்டோம், அவ்வளவு லட்சணம். கடைசியில் அரசாங்கம் பணத்தைக் கொட்டி உயிர் கொடுத்தது. பதிலுக்குப் பாதிப் பேரை வெளியே தள்ளச் சொன்னது. நான் உள்ளே, என் தம்பி வெளியே.

பிரஸ் ஷாப்பில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தகட்டை அழுத்திக் கார்க்கதவாக்கும் பிரஸ்ஸுக்குள் எவன் இறங்கினாலும், மெயின் சுவிட்சை அணைத்து, தன் நம்பர் போட்ட பூட்டை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். சாவி அவன் சட்டைப்பையில் இருக்கும். முதலாளியே வந்தாலும் அந்தப் பூட்டைத் தொடக் கூடாது. வெளியே தள்ளப்பட்டவர்கள் அதை வைத்தே பழி வாங்கினார்கள். கடைசி நாளன்று எல்லா சுவிட்சிலும் பூட்டை மாட்டி, சாவியைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போனார்கள்.

பதினோரு நாள் எதுவும் ஓடவில்லை. தினமும் கேட்டில் கல்லும் இரும்புக்குழாயும்தான். பதினோராம் நாள் என் தம்பியே எதிரே வந்து நின்றான்.

"கருங்காலிப் பயலே!" என்று கத்தி, என் வாயிலேயே குத்தினான். ஒரு பல் போயிற்று. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். தம்பி என்றும் பாராமல் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் நெற்றி பிளந்து என் சட்டையெல்லாம் ரத்தம். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மந்திரி வருகிறார் என்றார்கள். காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பத்து மணிக்கு நாலாம் பிரஸ் ஓடணும். பூட்டையெல்லாம் வெட்டு. ஓடிச்சுன்னா உன் தம்பி பேரைத் திரும்ப லிஸ்ட்ல சேர்த்துடறேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெட்டுக்கத்திரியை எடுத்தேன்.

பிரஸ்ஸிலிருந்து தள்ளி, சுவர்ப்பக்கம் இருந்த நாலாம் பிரஸ் சுவிட்சில் ஒன்பது பூட்டு. எட்டை வெட்டினேன். கடைசிப் பூட்டு 418. என் தம்பியுடையது.

"பாவி, நீயும் மாட்டிட்டுத்தான் போனியா? உனக்காகத்தாண்டா இதெல்லாம்" என்று வைதபடியே வெட்டி, சுவிட்சைப் போட்டேன்.

"உள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துடுவோம்" என்றார் ஆபரேட்டர்.

"மணி ஒம்பது அம்பத்தஞ்சு. பட்டனை அமுக்குங்கண்ணே!"

அமுக்கினார். உள்ளிருந்து ஓர் அலறல் வந்தது.

பிரஸ்ஸைத் தூக்கியபோது என் தம்பி கிடந்தான். இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை. கையில் கத்தி, பக்கத்தில் பாதி அறுத்த ஆயில் குழாய். மந்திரி முன்னால் பிரஸ் ஓடக் கூடாதென்று விடியற்காலையில் சுவரேறிக் குதித்தவன், ஆள் நடமாட்டம் கேட்டதும் உள்ளேயே பதுங்கியிருக்கிறான். நாசம் பண்ண வந்தவன், அப்போதும் சட்டப்படி பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான்.

"அண்ணே, பூட்டு போட்டிருந்தேனே" என்றான். "யாருண்ணே வெட்டினது?"



"மேனேஜர்டா" என்றேன்.

"விடாதண்ணே."

அவ்வளவுதான், போய்விட்டான். சட்டைப்பையில் சாவி இருந்தது.

கத்திரியை எடுக்கச் சுவிட்ச் பக்கம் போனேன். தரையில் ஒன்பது பூட்டு. எட்டில் பதினோரு நாள் தூசி. ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. வெட்டும்போது அந்தப் பளபளப்பை நான் கவனிக்கவே இல்லை.

மேனேஜர் வாசலில் மாலையோடு நின்றிருந்தார். முதல் அடியிலேயே விழுந்தார். மந்திரியின் ஆட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அவர் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீதானேடா வெட்டின?"

அதை இன்னொரு தடவை சொல்ல வாய் இல்லாமல் போகும்வரை அடித்தேன்.